களவுக்கு ஈடு கொடுத்த காவல்

ஆயுதம் தாங்கிய சிறு அணிக்குத் தலைமை ஏற்பவர் எதையெல்லாம் கற்றிருக்க வேண்டும்? குறி தவறாமல் சுடுவது, கயிற்றில் இறங்குவது, கதவை உடைத்து நுழைவது, வயர்லெஸ்ஸில் நாலு சொல்லில் செய்தி சொல்வது என்று கமாண்டோ பயிற்சியின் பாடங்கள் நீளும். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் இவை அணியின் கடைசி ஆளுக்கும் தெரிந்திருக்க வேண்டியவை. தலைவருக்கு மட்டுமே உரிய பாடம் வேறொன்று உண்டு. அதைத் தேடுவதற்குத் தென்காசிச் சீமையைப் போல வசதியான இடம் குறைவு. சிவகிரியில் தொடங்கி வாசுதேவநல்லூர், சொக்கம்பட்டி, தென்காசி, குற்றாலம், செங்கோட்டை என மலையை ஒட்டி இறங்கும் இந்தத் துண்டு நிலம், பாளையக்காரர் காவல், கிழக்கிந்தியக் கும்பினியின் சிப்பாய்ப் படை, 1859க்குப் பிந்தைய போலீஸ், இன்றைய சிறப்புக் காவல்படை என்று நாலு விதமான ஆயுதக் குழுக்களை அடுத்தடுத்துப் பார்த்திருக்கிறது. அந்த வரலாற்றிலிருந்து எனக்குக் கிடைக்கும் முடிவு இது: களத்தை அறிந்திருப்பதும், நேர்ந்த இழப்புக்குத் தானே பதில் சொல்வதும் ஒரே ஆளிடம் கூடும்போதுதான் தலைமை பிறக்கிறது. 19ஆம் நூற்றாண்டு அவை இரண்டையும் பிரித்து வைத்தது. அதன்பின் வந்த பயிற்சி முறைகள் கைத்திறனை வளர்த்த அளவுக்கு இந்தப் பிளவைச் சரிசெய்யவில்லை.

முதலில் பழைய முறை. பாடிகாவல் என்ற வரி சோழர், பாண்டியர் கல்வெட்டுகளிலேயே வருகிறது. ஊர் காக்கக் கூலி என்பது அவ்வளவு பழையது. 18ஆம் நூற்றாண்டுத் திருநெல்வேலிச் சீமையில் அது இரண்டு அடுக்காக இருந்தது. ஓர் ஊரின் வயலையும் களத்துமேட்டையும் தொழுவத்தையும் பார்த்துக்கொள்வது ஸ்தலக்காவல். பல ஊர்களையும் அவற்றுக்கிடையே போகும் பாதைகளையும் ஒரு பாளையக்காரர் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வது தேசகாவல். அறுவடை முடிந்து பொலி அளக்கும்போதே காவல்காரருக்கு உரிய பங்கு தனியே ஒதுங்கிவிடும். இதற்கு மாற்றாக அவர் ஏற்றுக்கொண்ட கடமை ஒன்றே ஒன்று: களவு போனால் பொருளை மீட்டுத் தர வேண்டும், மீட்க முடியாவிட்டால் அதன் மதிப்பை ஈடாகக் கொடுக்க வேண்டும். ஓர் உழவுமாடு காணாமல் போன இரவை எண்ணிப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் உள்ளமைப்பு விளங்கும். மாடு எந்த ஓடைக்கரை வழியாகப் போயிருக்கும், எந்த மலையடியில் கட்டிவைக்கத் தோதான மறைவு இருக்கிறது, பக்கத்துச் சீமையில் யார் கை இதில் இருக்கும் என்பதெல்லாம் காவல்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் நட்டம் மாட்டுக்காரருக்கு அன்று, அவருக்கே. ஆகவே அறிவு அவருக்குப் பிழைப்பாயிற்று. எட்டுப் பேரை அனுப்புவதா நாலு பேரா, உடனே விரட்டுவதா விடியும்வரை பதுங்குவதா என்பதை முடிவு செய்தவரே, அந்த முடிவு பொய்த்தால் வரும் செலவையும் ஏற்றார். கட்டளை இடும் வாயும் கடன் கட்டும் கையும் ஒரே உடம்பில் இருந்தன.

இதே சீமையில்தான் வேறு வகைத் தலைமை ஒன்றும் சோதித்துப் பார்க்கப்பட்டது. கும்பினியின் சிப்பாய்ப் படையில் சேர்ந்து, ஆங்கிலத் தளபதிகளின் கீழ் பயிற்சி பெற்று, சிப்பாய்கள் அனைவருக்கும் கமாண்டன்ட் ஆக உயர்ந்தவர் யூசுப்கான். வரிசையாக நிற்பதும், ஒரே நேரத்தில் சுடுவதும், சொன்ன சொல்லுக்குக் காலடி மாற்றுவதும் அந்தப் படையின் பலம். அவருக்கு எதிரில் நின்றவர் நெற்கட்டும்செவல் புலித்தேவர். 1755இல் கர்னல் ஹெரான் நெற்கட்டும்செவல் வரை வந்து, மண்கோட்டையை உடைக்கப் பீரங்கி வலு போதாமல் திரும்பினார். 1759இன் பிற்பகுதியில் யூசுப்கான், திருவிதாங்கூர்ப் படையையும் துணைக்கு வைத்துக்கொண்டு வாசுதேவநல்லூரை முற்றுகையிட்டார். கோட்டை மீது தாக்குதல் தொடங்கிய வேளையில், காட்டிலிருந்து வெளிப்பட்ட புலித்தேவரின் ஆட்கள் அவருடைய முகாமின் மேல் விழுந்தார்கள். முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் போர் மூண்டதால் சிப்பாய்ப் படை பின்வாங்க வேண்டியதாயிற்று. கும்பினியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம் இந்தத் தோல்வியைப் பதிவு செய்திருக்கிறார். ஆர்ம் எழுதியதை வாசிக்கும்போது நம் கவனம் போக வேண்டியது சுமார் 18 அடி நீள ஈட்டிகளின் மேல் அன்று. கோட்டைக்குள் இருந்தவர்களும் வெளியே காட்டில் இருந்தவர்களும் ஒருவரையொருவர் பார்க்க முடியாத நிலையில் ஒரே வேளையில் இயங்கினார்கள் என்பதே முக்கியம். மேலிருந்து ஒவ்வொரு அடிக்கும் கட்டளை வந்துகொண்டிருந்தால் இது நடக்காது. நோக்கம் என்னவென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சமயத்தைத் தீர்மானிக்கும் உரிமை ஆங்காங்கே நின்ற தலைவர்களிடம் இருந்தது.

1767இல் கர்னல் டொனால்ட் காம்பெல் மறுபடியும் வாசுதேவநல்லூரைத் தாக்கியபோது நடந்ததும் இதற்குச் சான்று. பீரங்கி பிளந்த சுவரை, குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே பனைமரத்தாலும் வைக்கோலாலும் அடைத்தார்கள் என்று எதிரியே வியந்து எழுதும்படி உள்ளே இருந்தவர்கள் நின்றார்கள். ஒருவர் விழுந்த இடத்துக்கு அடுத்தவர் சொல்லாமலே வந்தார். 1783இல் கர்னல் புல்லர்ட்டன் சிவகிரிக்கு வந்தபோது பாளையக்காரர் கோட்டையை விட்டு மலையடிவாரக் கோம்பைக்குள் போய்விட்டார். பின்தொடர்ந்த படை புதர்க்காட்டை வெட்டிப் பாதை போட்டுக்கொண்டே முன்னேற வேண்டியிருந்தது. எங்கே நிற்பது, எப்போது கோட்டையைக் கைவிடுவது, எதை இழந்தாலும் எதைக் காப்பது என்ற கணக்கு நிலத்தைப் பார்த்து எழுந்த கணக்கு. அதைப் பயிற்சி மைதானத்தில் போட்டுப் பார்க்க முடியாது.

இங்கே ஒரு மறுப்பு உடனே எழும். முடிவில் வென்றது யார்? 1761இல் நெற்கட்டும்செவலையும் வாசுதேவநல்லூரையும் யூசுப்கான் பிடித்துவிட்டார். 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801இல் தென்பாளையங்கள் எல்லாம் அடங்கின. ஒழுங்குபடுத்திய படையின் முன் ஊர்க்காவல் தலைமை தாக்குப்பிடிக்கவில்லை என்பதுதானே பாடம்? இந்த மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. கனரகப் பீரங்கி, தொடர்ந்து வரும் சம்பளம், கடல்வழி வந்த தளவாடம், பாளையக்காரரிடையே இருந்த பிளவு எல்லாம் சேர்ந்து அந்த வெற்றியைத் தந்தன. பயிற்சியும் அதில் ஒரு பங்கு. ஆனால் பயிற்சி பெற்ற படை வென்றதற்கும், அந்தப் படையின் தலைமை முறை மேலானது என்பதற்கும் இடையே தூரம் உண்டு. யூசுப்கானே இதற்கு எடுத்துக்காட்டு. அவர் வெற்றிபெறத் தொடங்கியது, மதுரையிலும் நெல்லையிலும் வருடக்கணக்கில் தங்கி, வரி வாங்கி, ஊர்ப்பெரியவர்களையும் மலைப்பாதைகளையும் அறிந்த பிறகுதான். 1755இல் ஹெரானோடு வந்த படையும் 1761இல் வென்ற படையும் ஒரே விதமான பயிற்சி பெற்றவை. பீரங்கி வலுவோடு சேர்ந்து வேறுபட்டது தலைவருக்குச் சீமை பழகியிருந்த அளவு. பழகியவர் தனக்கென்று ஆளத் தொடங்கியதும் கும்பினி அஞ்சியது. 1764 அக்டோபர் 15இல் மதுரையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அதன்பின் சிப்பாய்ப் படையில் இந்நாட்டவர் எவருக்கும் அத்தனை உயர்ந்த தலைமை தரப்படவில்லை. மண்ணறிந்தவரிடம் கட்டளையைக் கொடுக்கக் கூடாது என்ற பாடத்தை அரசு கற்றுக்கொண்டது. பிற்காலப் போலீஸ் அமைப்பிலும் அந்தப் பாடத்தின் நிழலைப் பார்க்கலாம்.

1801 டிசம்பர் 1இல் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது, கோட்டைகள் இடிக்கப்பட்டன. தேசகாவல் உரிமையைக் கலெக்டர் லஷிங்டன் பாளையக்காரர்களிடமிருந்து பறித்து, அதன் வருமானத்தை அரசின் கணக்கில் சேர்த்தார். வருமானம் அரசுக்கு வந்தது. களவுக்கு ஈடு கொடுக்கும் கடமை கூடவே வரவில்லை. காவல் வரலாற்றில் மிகப் பெரிய மாற்றம் இதுதான் என்பேன். 1816இல் தாமஸ் மன்றோவின் முயற்சியால் வந்த ஒழுங்குவிதி, போலீஸ் வேலையைக் கலெக்டர், தாசில்தார், கிராம மணியம் என்று வருவாய்த் துறையின் ஏணியில் ஏற்றியது. வரி வசூலிக்கும் கையிலேயே தடியும் இருந்ததன் விளைவை 1855இல் சித்திரவதை விசாரணை ஆணையம் ஊரறியச் செய்தது. அந்த அவமானத்துக்குப் பிறகு வந்ததே 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம். வில்லியம் ராபின்சன் தலைமையில், அயர்லாந்துக் கான்ஸ்டபுலரியை முன்மாதிரியாகக் கொண்டு, சீருடை அணிந்த, தரவரிசை உள்ள, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றக்கூடிய போலீஸ் படை ஒன்று மதராஸ் மாகாணத்தில் எழுந்தது. இரண்டு ஆண்டு கழித்து இந்தியா முழுமைக்கும் வந்த சட்டத்துக்கு முன்னோடி இது.

சீர்திருத்தமாக இது பெரிய முன்னேற்றம். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தலைமை என்ற கோணத்தில் பார்த்தால் ஒரு விலை கொடுக்கப்பட்டது. மாவட்ட சூப்பரின்டென்டென்ட் வெளியிலிருந்து வந்தவர். தொடக்கத்தில் ராணுவ அதிகாரிகளே பலர். 1893 முதல் அவர்களை லண்டனில் போட்டித் தேர்வு வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரை அறிந்த கான்ஸ்டபிளுக்கு முடிவெடுக்கும் உரிமை இல்லை. முடிவெடுக்கும் அதிகாரிக்கு ஊர் தெரியாது. கான்ஸ்டபிளுக்குக் கிடைத்த பயிற்சியில் பெரும்பகுதி அணிவகுப்பு. 1902-03இல் ஆண்ட்ரூ ஃப்ரேசர் ஆணையம் நாடு முழுக்கப் போலீஸைப் பரிசீலித்து, பயிற்சிக் குறைவையும் ஊழலையும் கடுமையாகக் கண்டித்தது. அதன்பின் பயிற்சிப் பள்ளிகள் பெருகின. இந்தியர்களுக்கு டெபுடி சூப்பரின்டென்டென்ட் பதவி திறந்தது. பிளவு மட்டும் அப்படியே நின்றது. மக்கள் அதை எப்படிச் சமாளித்தார்கள் என்பதற்குச் சான்று, பழைய காவல் போகாததே. 1917இல் எச். ஆர். பேட் தொகுத்த திருநெல்வேலி மாவட்ட கெஜட்டியர் வந்த காலத்திலும் ஊரார் காவல்கூலி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சட்டப்படி உரிமை ஒழிந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், ஸ்டேஷனுக்குப் போவதைவிடக் காவல்காரரிடம் போவது பலருக்கு லாபமாக இருந்தது.

லாபமா, அச்சமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே. காவல்கூலி கொடுக்காதவர் வீட்டு மாடுதான் முதலில் காணாமல் போகும் என்பதை இந்தச் சீமை நன்றாக அறியும். காணாமல் போன மாட்டைக் காட்டித்தர வாங்கிய துப்புக்கூலியில், காவலுக்கும் களவுக்கும் நடுவில் இருந்த வேலி பல இடங்களில் சாய்ந்தே கிடந்தது. லஷிங்டன் தேசகாவலைக் கொடுமை என்று சொன்னதில் கும்பினியின் சுயநலம் இருந்தது. அதனால் அந்தக் குற்றச்சாட்டு பொய் ஆகிவிடாது. காவல் உரிமை சாதி வழியாகவும் பிறப்பு வழியாகவும் வந்தது. காக்கப்பட்டவர்களில் எளியவர்கள் ஈடு கேட்கும் தைரியம் பெற்றிருந்தார்கள் என்று நம்பவும் இடமில்லை. ஆகவே காவல் முறையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது என் வாதம் இல்லை. அந்த முறையில் பிறப்புரிமை, மிரட்டல், ஈட்டுப்பொறுப்பு ஆகிய மூன்றும் ஒன்றாகப் பின்னியிருந்தன. சீர்திருத்தம் முதல் இரண்டை அறுக்க முனைந்தபோது மூன்றாவதும் சேர்ந்து அறுந்தது. முதல் இரண்டும் போக வேண்டியவை. அவற்றோடு மூன்றாவதும் போயே தீர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இருக்கவில்லை.

பொறுப்பு அறுந்த தலைமை நெருக்கடியில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் திருநெல்வேலி 1908 மார்ச் 13இல் பார்த்தது. வ.உ.சி. கைதான மறுநாள். நகரில் கலவரம் மூண்டு, அரசுக் கட்டடங்கள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் 4 பேர் இறந்தார்கள். அன்றைய சம்பவத்தோடு பெயர் இணைந்த பிரிட்டிஷ் அதிகாரி ஆஷ், 3 ஆண்டு கழித்து 1911 ஜூன் 17இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் செங்கோட்டை வாஞ்சிநாதனால் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசியல் காரணங்கள் பல. ஒரு துப்பாக்கிச் சூட்டிலிருந்து ஒரு கொலைக்கு நேர்கோடு போடுவது எளிமைப்படுத்தல். நான் சொல்ல வருவது சின்ன விஷயம். கூட்டத்தின் தலைவர்கள் யார், எந்தத் தெருவை அடைத்தால் கூட்டம் எங்கே திரும்பும், யார் சொன்னால் கலையும் என்று அறிந்தவர் கையில் கட்டளை இல்லாதபோது, அதிகாரியிடம் மிஞ்சும் கருவி துப்பாக்கி ஒன்றே. சுட்டது சரியா என்று பிறகு நடந்த விவாதமும் மேலதிகாரிகளுக்கும் சென்னைக் கோட்டைக்கும் இடையே நடந்தது. இறந்தவர்களின் ஊருக்குப் பதில் சொல்லும் கடமை எவருக்கும் இருக்கவில்லை.

விடுதலைக்குப் பின் கருவிகளும் பயிற்சியும் பெரிதாக வளர்ந்தன. 1948இல் மவுண்ட் ஆபுவில் தொடங்கி 1975இல் ஹைதராபாத்துக்கு மாறிய தேசிய போலீஸ் அகாதெமி, வண்டலூர் அருகே ஊனமாஞ்சேரியில் தமிழ்நாடு காவல் உயர் பயிற்சியகம், தென்காசிக்குப் பக்கத்திலேயே மணிமுத்தாறில் சிறப்புக் காவல்படை பட்டாலியன், கமாண்டோ பள்ளி என்று வரிசை நீளம். ஆனால் பழைய பிளவு வேறு உருவில் திரும்பத் திரும்பத் தலைகாட்டியது. 1993 ஏப்ரல் 9இல் பாலாறு அருகே சந்தனக் கடத்தல்காரன் வீரப்பன் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் இறந்தார்கள். துணிச்சலுக்குக் குறைவில்லாத அணி அது. எதிரி விடுத்த சவாலை ஏற்று, எதிரி எதிர்பார்த்த பாதையிலேயே வண்டிகளில் போனதுதான் பிழை. பிறகு வந்த ஆண்டுகளில் மலைக்கிராம மக்களை வதைத்துத் தகவல் கறக்க முயன்றதாக அதிரடிப்படைகள் மீது எழுந்த புகார்களை நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடும் தரப்பட்டது. களத்தை அறியாத தலைமை, அறிந்தவர்களை அடித்து அறிய முயன்ற கதை அது. 2004 அக்டோபர் 18இல் பாப்பாரப்பட்டியில் முடிந்த நடவடிக்கை காட்டில் விரட்டிப் பிடித்தது அன்று. ஆள்தொடர்புகளைப் பொறுமையாக வளர்த்து, ஓர் ஆம்புலன்ஸ் வண்டியில் வீரப்பனைக் காட்டுக்கு வெளியே வரவைத்தது. அடர்ந்த காட்டில் ஓடும் பயிற்சி பத்து ஆண்டுக்கு மேல் தராத பலனை, பழகித் தெரிந்துகொண்ட அறிவு தந்தது.

வீட்டுக்கு அருகில் நடந்தவை இன்னும் கசப்பானவை. 1999 ஜூலை 23இல் திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தின் மீது தடியடி. ஒரு பக்கம் தாமிரபரணி. அடிக்குத் தப்ப மக்கள் ஆற்றில் இறங்கினார்கள்; 17 உயிர்கள் போயின. கூட்டத்தை எந்தத் திசையில் கலைக்க வேண்டும் என்பது பயிற்சியின் முதல் பாடம். கலைபவர்களுக்குப் போக வழி இருக்க வேண்டும். அந்தப் பாடத்தை அறியாதவர்கள் யாரும் அங்கே இருந்திருக்க முடியாது. அறிந்ததைக் களத்தின் மேல் பொருத்திப் பார்க்கும் தலைமைதான் இல்லை. 2018 மே 22இல் தூத்துக்குடியில் போராட்டக்காரர்கள் மீது தொடங்கிய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை, அதிகாரிகளிடையே ஒருங்கிணைப்பு இல்லாததைக் குறையாகச் சுட்டியது. சுடும் உத்தரவை யார், எப்போது, எதற்காகக் கொடுப்பது என்பதற்கு நம் சட்டத்தில் தெளிவான படிகள் உண்டு. படிகள் இருந்தும், அந்த நிமிடத்தில் தலைமை யாருடையது என்பது கலங்கிப்போனால் சட்டப் புத்தகம் உதவாது.

இது நம் ஊர்க் குறை மட்டும் அன்று. 1989 ஏப்ரல் 15இல் இங்கிலாந்தில் ஹில்ஸ்பரோ விளையாட்டரங்கில் 97 உயிர்களைப் பலிகொண்ட நெரிசலில், போலீஸ் ஏற்பாட்டுக்குப் பொறுப்பானவர் அந்தப் பதவிக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அரங்கின் வாயில் ஒன்றைத் திறந்தால் கூட்டம் எங்கே போய் முட்டும் என்பது அவர் கண்முன் நிற்கவில்லை. 2022 மே 24இல் அமெரிக்காவின் யுவால்டே பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டபோது, 376 போலீஸார் அங்கே திரண்டிருந்தார்கள். கவசம், கேடயம், நீள்துப்பாக்கி எதற்கும் குறைவில்லை. கொலைகாரனை எதிர்கொள்ள 77 நிமிடம் ஆயிற்று. தான்தான் அந்த இடத்துக்குத் தளபதி என்று தான் நினைக்கவில்லை என்றார் பள்ளிப் போலீஸின் தலைவர். முதலில் வந்தவர்களே உள்ளே போக வேண்டும் என்பது 1999இல் கொலம்பைன் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு அந்த நாடு முழுக்கக் கற்பிக்கப்பட்ட பாடம். பாடம் தெரியும், பொறுப்பு யாரிடம் என்பதுதான் தெரியவில்லை. ஹில்ஸ்பரோவில் களத்தறிவு இல்லை; யுவால்டேயில் பொறுப்பை எடுத்துக்கொள்பவர் இல்லை. தென்காசிச் சீமையில் இருநூறு ஆண்டுக்கு முன் பிரிந்த அதே இரண்டு துண்டுகள்.

குற்றாலத்தில் இந்தப் பிரச்சினை சீசன்தோறும் சின்ன அளவில் வந்து போகிறது. மெயின் அருவியில் தண்ணீர் விழும் இடத்துக்குப் பாதுகாப்பு வளைவு ஒன்று உண்டு. வெள்ளம் வளைவைத் தாண்டி விழத் தொடங்கினால் குளிக்கத் தடை. கேட்க எளிதான விதி. ஆனால் மலைக்கு மேலே பெய்யும் மழை கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. சாரல் அடிக்கும் அதே இனிய காற்றில்தான் ஆபத்தும் வருகிறது. தண்ணீரின் நிறம் மாறுவதையும் சருகும் சுள்ளியும் சேர்ந்து வருவதையும் பார்த்து, வளைவைத் தொடும் முன்பே நூற்றுக்கணக்கானவர்களை வெளியேற்றும் முடிவை, அந்த நேரத்தில் அங்கே பணியில் நிற்கும் ஏட்டோ எஸ்.ஐ.யோ எடுக்க வேண்டும். வயர்லெஸ்ஸில் கேட்டு, மேலே போய், பதில் இறங்கி வரும்வரை வெள்ளம் காத்திருக்காது. 2024 மே 17இல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துப் போனதும், அருவிப் பகுதி எந்தத் துறையின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. பொறுப்பு யாருடையது என்பது சம்பவத்துக்குப் பிறகு முடிவாகும் விஷயமாக இருக்கும்வரை, சம்பவத்தின்போது எல்லோருமே மேலே பார்ப்பார்கள்.

இங்கே கடைசியாக ஒரு மறுப்பு. தலைவர் தலையில் ஈட்டைக் கட்டினால் அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். விசாரணைக்கும் வழக்குக்கும் பயந்த அதிகாரி எதையுமே செய்யமாட்டார் என்று போலீஸ் துறைக்குள்ளேயே பலர் சொல்வார்கள். இந்த அச்சம் நியாயமானது. ஆனால் அது இன்றைய விசாரணை முறையைப் பற்றிய அச்சம்; காவல்காரரின் ஈடு அப்படி வேலை செய்யவில்லை. இன்று செயலை விசாரிக்கிறோம்: ஏன் சுட்டாய், ஏன் அடித்தாய்? செயலற்று நின்றவரைக் கேட்பது அரிது. ஆகவே சும்மா இருப்பது பத்திரமான இடமாகிறது. பழைய முறையில் ஈடு விளைவைப் பொறுத்தது. மாடு போனால், ஓடித் தேடியவரும் கட்ட வேண்டும், திண்ணையில் படுத்திருந்தவரும் கட்ட வேண்டும். சும்மா இருப்பதில் மிச்சம் எதுவும் கிடையாது. இதிலும் ஆபத்து உண்டு என்பதை மறைக்க வேண்டாம். விளைவு மட்டுமே கணக்கு என்றால், பொருளை மீட்க எவனையாவது கட்டிவைத்து அடிக்கத் தோன்றும். எனவே எந்த வழியில் செய்யலாம் என்பதற்குச் சட்டம் எல்லை போட வேண்டும்; அந்த எல்லைக்குள் விளைவுக்கு ஒருவர் முன்கூட்டியே பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும். 1859 முதல் பாதியைத் தந்தது. இரண்டாம் பாதி இன்னும் பாக்கி.

அதைப் பயிற்சியால் தர முடியுமா? ஒரு பங்கு முடியும். அணித் தலைமைக்குத் தேர்வாகிறவர், தான் காக்கப்போகும் ஊரிலும் மலையடியிலும் ஆற்றங்கரையிலும் ஆயுதமில்லாமல் சில மாதம் சுற்றிப் பழகுவதைப் பயிற்சிக் காலத்தின் பகுதியாக்கலாம். ஒவ்வொரு நடவடிக்கைக்கும் முன்பே களத் தலைவரின் பெயரை எழுதிவைத்து, அவர் வீழ்ந்தால் அடுத்தவர் யார் என்பதையும் கடைசி ஆள்வரை அறிவிக்கலாம். நோக்கத்தைச் சொல்லி, சமயத்தை அவரவர் தீர்மானிக்க விட்டு, அந்தத் தீர்மானங்களை ஒத்திகையில் சோதிக்கலாம். வாசுதேவநல்லூர் முற்றுகையை அதற்கு வகுப்புப் பாடமாகவே வைக்கலாம். 1908, 1999, 2018 ஆகிய மூன்று நாட்களையும் மூடி மறைக்காமல், நிமிடத்துக்கு நிமிடம் பிரித்து, எந்த இடத்தில் எந்தத் தலைவருக்கு வேறு வழி இருந்தது என்று பயிற்சியாளர்களே விவாதிக்கலாம். மீதிப் பங்கு பயிற்சிப் பள்ளியின் கையில் இல்லை. இழப்பு நேர்ந்த ஊருக்கு, அந்த ஊராரின் முன்னால், பொறுப்பேற்றவரே வந்து பதில் சொல்லும் வழக்கத்தை அரசுதான் உண்டாக்க வேண்டும். களத்துமேட்டில் பங்கு வாங்கியவர் ஈடும் கொடுத்தாக வேண்டும் என்று எழுத்தறியாத உழவர்கள் ஒரு காலத்தில் விதித்திருந்தார்கள். வரியில் சம்பளம் வாங்கும் தலைமையிடம் குடிமக்கள் அதற்குக் குறைவாகக் கேட்கக் காரணம் இல்லை.